வாசனை இல்லாத மருந்து

மார்ச் 3, செவ்வாய்

புதுப் பேனா. நிப் தாளைக் கீறுகிறது. எழுத்து வலப்பக்கமாகச் சரிகிறது. கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பத்தரைக்கு ஒரு பெண் வந்தாள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம். உள்ளே வந்ததும் கேட்டைத் திரும்பச் சாத்தினாள். இந்தக் காலத்தில் அதற்கே அரை மதிப்பெண் போடலாம். வாயைத் திறந்ததும் அந்த அரையும் போயிற்று.

"பாட்டி, உங்க வீட்டுல கோழி வளக்கறீங்கன்னு சொன்னாங்க..."

"நான் யாருக்கும் பாட்டி இல்ல. பிள்ளை பெத்தாத்தானே பேரன் பேத்தி?"

அதன் பிறகு நான் 'மேடம்' ஆனேன்.

பழைய வீடுகளில், சுவரோரம் கோழி மேய்கிற இடங்களில், மண்ணையும் முட்டையையும் சோதிக்கிறார்களாம். மொத்தம் முப்பது வீடு. கறையானுக்கு எப்போதாவது மருந்து ஊற்றியது உண்டா என்று கேட்டாள். உண்டு, இரண்டு முறை என்றேன். முதல் முறை வந்தவன் ஏமாற்றுக்காரன், மருந்து என்று சொல்லித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனான்; இரண்டாவதாக வந்த கம்பெனிதான் ஒழுங்காகச் செய்தது, ஒரு வாரம் வீட்டுக்குள் மூக்கை வைக்க முடியவில்லை. இரண்டு கம்பெனியின் சீட்டுகளும் கோப்பில் இருந்தன. எடுத்துக் காட்டினேன். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய தாளை இவ்வளவு சுலபமாக எடுத்துத் தருகிற வீட்டை அவள் பார்த்ததில்லையாம். பார்த்திருக்க மாட்டாள்.

முன்சுவரோரமும் பின்சுவரோரமும் சிமெண்ட் பூச்சுக்கு அடியில் குழாய் போன்ற ஒரு கருவியைச் செருகி மண் எடுத்தாள். ஆறு முட்டையும் வாங்கிக்கொண்டாள். பையில் ஒட்டிய சீட்டில் அவள் ஐந்தை ஆறு போல எழுதுகிறாள். நானே எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

மாலையில் தங்கை வந்தாள். இரண்டு தெரு நடக்க இருபது நிமிஷம் ஆகிறது அவளுக்கு, வழியெல்லாம் பேச்சு. விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தாள இன்னும் விடலியா நீ? முப்பத்தி நாலு வருஷம் ஆச்சு. கறையானே மறந்திருக்கும் அக்கா."

நான் மறக்கவில்லை. ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

மார்ச் 5, வியாழன்

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அதை வாங்கி ஒரு தாளில் தன் பெயரை நான்கு முறை எழுதிக் காட்டினார். "நல்லாத்தானேம்மா எழுதுது?" கடையில் எல்லாம் நன்றாகத்தான் எழுதும் என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் வேறு பேனா எடுத்துக் கொடுத்தார்.

இதுவும் சரிகிறது.

மார்ச் 14, சனி

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு நான்கு வருஷம்.

கோழிகளுக்குத் தீனி போட்டேன். ஐந்தில் மூத்ததுக்கு அவர் வைத்த பெயர் 'தலைமை சிஸ்டர்'. நான் படித்த கான்வென்டில் காலை வரிசையில் எங்கள் நகம் பார்த்துக்கொண்டு நடந்த சிஸ்டரைப் பற்றி நான் சொன்ன கதைகளால் வந்த பெயர். அந்தக் கோழியும் அப்படித்தான், மற்றவற்றைக் குறை கண்டபடியே நடக்கும். "உன்னச் சொல்லல, கோழியத்தான் சொல்றேன்" என்பார்.

கோழி வளர்க்கலாம் என்றது நான். அவர் ஓய்வு பெற்ற வருஷம். கடை முட்டையில் என்ன இருக்கிறதோ, யார் கண்டார்கள்? தினம் காலை இரண்டு, சரியாக நான்கு நிமிஷம் வேகவைத்து. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவரால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, நான் ஊட்டினேன். பதினோரு வருஷம், ஒரு நாள் தவறியதில்லை. யாரும் என்னை அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

எங்களுக்குள் பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை இன்று எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அந்தப் பெண் வந்தாள். கேட்டைச் சாத்த மறந்துவிட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் கேட்டாள்: "மேடம், முட்டை யார் யார் சாப்பிடறீங்க?"

நான். வாரத்தில் இரண்டு நாள் தங்கை. முன்பு அவர்.

"இனிமே சாப்பிடாதீங்க. யாருக்கும் குடுக்கவும் வேண்டாம்."

முப்பது வீட்டில் எங்கள் வீட்டு மண்ணில்தான் மருந்து அதிகம். தாளை விரித்து வைத்தாள், ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. முன்சுவர்: பன்னிரண்டு. பின்சுவர்: முப்பத்தொன்று. முட்டையில், மஞ்சள் கருவில் இருக்கலாம் என்கிற அளவைப் போல் பல மடங்கு. எதிரே மருந்தின் பெயர்: டீல்ட்ரின். கீழே இன்னொரு பெயர், இரண்டாவது கம்பெனி ஊற்றியது. அதற்கு எதிரே 'கண்டறியப்படவில்லை.'

மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஐந்தை ஆறாக எழுதுகிறவள்தானே.

"நாத்தம் அடிச்சது ரெண்டாவது மருந்துதான்மா. முதல்ல ஊத்தினதுல லேசா மண்ணெண்ணெய் வாசம், மறுநாள் அதுவும் இல்ல."

"அதனாலதான் மேடம் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ரெண்டாவது ஊத்தினது ஆள அடிக்கற மாதிரி நாறும், ஆனா நிக்காது. ஈரம், மண்ணுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, எல்லாம் சேந்து அத உடைச்சுத் தின்னுடும். சில மாசம், மிஞ்சினா சில வருஷம். முதல்ல ஊத்தினது வேற ரகம். மண்ணுக்குள்ள போனதும் இன்னொண்ணா மாறும். அந்த மாறினதுதான் டீல்ட்ரின். அது முன்னதவிடப் பிடிவாதம். தண்ணில கரையாது, மண்ணக் கவ்விக்கும். அதுவும் உங்க வீட்டுல சுவரோரம் சிமெண்ட் போட்டு மூடியிருக்கு. வெயில் இல்ல, மழை இல்ல. பத்திரமா இருந்திருக்கு."

பின்பக்கம் அந்தச் சிமெண்ட் வெடித்துப் பல வருஷம் ஆகிறது. கோழிகள் அங்கேதான் சீய்க்கும், புழுதியில் புரளும், புழுவைக் கொத்தும். அது கோழியின் கொழுப்பில் தங்கும். அங்கிருந்து மஞ்சள் கருவுக்கு.

"எப்பதான் போகும்?"

"பாதி போகப் பல வருஷம். மிச்சத்துல பாதி போக அதே அளவு வருஷம். அப்புறம் அந்த மிச்சத்துல பாதி."

"முழுசா எப்ப?"

"கணக்குப்படி பாத்தா முழுசாப் போகவே போகாது மேடம்."

கணக்கில் நான் எப்போதும் முதல். அவள் போன பிறகுதான் அந்தக் கணக்கின் இன்னொரு பக்கம் புரிந்தது. முப்பத்து நான்கு வருஷம் தேய்ந்த பிறகும் இவ்வளவு மிச்சம் இருக்கிறதென்றால், அன்று ஊற்றியது தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

காலையில் பழக்கத்தில் இரண்டு முட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். "இதனால கை நடுக்கம் வருமா?"

அந்தப் பெண் எதையோ புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு: "சில ஆராய்ச்சியில சந்தேகப்படறாங்க மேடம். ஆனா ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

இது என்ன பதில்? சரி அல்லது தவறு என்று போட வேண்டாமா?

நான்தானே ஊட்டினேன். வாயைத் திறங்க, இன்னும் ஒரு வாய், கருவை விடாதீங்க, அதுலதான் சத்துன்னு... வேண்டாம்னு தலைய ஆட்டுவாரே, ஆட்டுறாரா நடுங்குறாரான்னு தெரியாம அப்பவும் ஊட்டினேனே. ஐயோ. இன்னிக்கு இதுக்கு மேல எழுத வேணாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்தேன். என் எழுத்து எவ்வளவு அழகு! அச்சுக் கோத்தது போல. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'இன்று கறையான் மருந்து ஊற்றினார்கள். ஆள் ஒழுங்கானவன் போலத்தான் தெரிகிறான், ஆனால் மேற்பார்வை இல்லாமல் யாரையும் நம்பக் கூடாது. குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன். போகும்போது அதிகப்பிரசங்கித்தனமாக ஒன்று சொன்னான். அப்பாவின் புத்தக அலமாரிக்குள் பூச்சி இருக்கிறதாம், அது மரத்துக்குள்ளேயே வாழ்கிற இனமாம், மண்ணில் ஊற்றுகிற மருந்து அதை ஒன்றும் செய்யாதாம், அலமாரியை வெளியே போடச் சொல்கிறான். என் அப்பாவின் அலமாரியை! அடித்தட்டில் பொடி மணல் போல எதையோ காட்டினான். பெருக்கித் தள்ளினேன்.'

மூன்று மாதம் கழித்து: 'மறுபடியும் கறையான். என் பரிசுப் புத்தகங்கள் எல்லாம் போயின. அவன் ஊற்றியது வெறும் தண்ணீர்.'

அதற்குப் பதினெட்டு நாள் கழித்து: 'புதுக் கம்பெனி வந்தது. நல்ல நெடி. கான்வென்ட் குளியலறை போல நம்பிக்கையாக இருக்கிறது.' அதே பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்: 'அலமாரி தானாகவே உட்கார்ந்துவிட்டது. விறகுக்குக் கொடுத்தாயிற்று.'

அதற்குப் பிறகு பூச்சி இல்லை. புது மருந்தால் என்று எல்லோரிடமும் சொன்னேன். அலமாரி போனதால் என்று ஒரு நாளாவது தோன்றியதா? தோன்றவே இல்லையா? உண்மையைச் சொல்.

அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன். ஆமாம், அப்படி ஓர் இனம் உண்டு, காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும், எச்சம் மணல் போல உதிரும் என்றாள். அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

எழுத வேண்டியதில்லை என்று மார்ச் 14 அன்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன். முதலில் மருந்து ஊற்றிய கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் போனது. 'உங்கள் ஊழியர் மருந்தைத் திருடிக்கொண்டு தண்ணீரை ஊற்றினார்.' வீட்டுக்காரர் கையெழுத்து இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அவர் மறுத்தார். "எனக்கு அப்படித் தோணல. பாவம், விட்டுடு" என்றார். நானே அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு அனுப்பினேன். கம்பெனி அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. என்னைக் காட்டிக்கொடுக்க முடியாமல், ஆமாம் நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மருந்துக்காரனுக்கு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்த அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகிற வரை.

ஏப்ரல் 12, ஞாயிறு

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து விஷயம் உட்பட. அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"அந்தாள் உயிரோடதான் இருக்காரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வெச்சிருக்காளே ஒருத்தி, நான் துணி தைக்கக் குடுப்பேனே? அவ அவரோட பொண்ணுதான். கடைக்குப் பின்னாலதான் வீடு."

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடி!"

"சொன்னா நீ போயி அந்தப் பொண்ணு தைக்கற தையல்லயும் குத்தம் சொல்லிட்டு வருவே. எனக்கு நல்ல டைலர் போயிடும்."

பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவருக்கு உடம்பு சரியில்ல அக்கா. போறதுன்னா சீக்கிரம் போ. அவரு இருக்கும்போதே போ."

ஏப்ரல் 20, திங்கள்

கோழிகளைப் பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் கொண்டு போனார்கள். வேறு யாருக்கும் கொடுக்க முடியாதாம், கொழுப்பில் இருப்பது போக வருஷங்கள் ஆகுமாம். தலைமை சிஸ்டர் கூண்டுக்குள் போகும்போதும் மற்றவற்றைக் கொத்தி வரிசைப்படுத்திக்கொண்டுதான் போனது.

கொல்லை அமைதியாக இருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

போகவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். என்ன சொல்வது? 'உங்களைப் பற்றி நான் எடுத்த முடிவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது'? வீட்டுப்பாடமா இது?

ஒன்று புரியவில்லை. முன்சுவரில் பன்னிரண்டு, பின்சுவரில் முப்பத்தொன்று. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே மருந்து. பின்பக்கம் மட்டும் ஏன் இரண்டு மடங்குக்கு மேல்? சிமெண்ட் வெடித்த இடத்தில் குறைந்துதானே இருக்க வேண்டும்? அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 29, புதன்

போனேன். தங்கையை வாசலோடு நிறுத்திவிட்டேன்; இது என் வேலை.

கடை என்பது ஒரு அறை, இரண்டு தையல் மிஷின். மகளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தினாள். ஊசி துணிக்குள் பாதியில் நின்றது.

"எதுக்கு வந்தீங்க?"

"உங்க அப்பாவைப் பாக்க."

"எனக்கு அப்ப எட்டு வயசு. ஸ்கூல்ல திருடன் பொண்ணுன்னு கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா அது?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.

உள்ளே இருந்து குரல் வந்தது: "யாரும்மா அது? உள்ள வரச் சொல்லு."

ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவன் என்றுதான் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன். இனிமேல் அவர். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த நடுக்கம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல. என் கண் அதைவிட்டு நகரவில்லை.

"குடை கொண்டு வரலியாம்மா?" என்றார். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது.

அறிக்கையைக் காட்டினேன். எண்களைப் படித்தேன். முன்சுவர், பின்சுவர். சிரித்தார். பல் இல்லை.

"பின்பக்கம் கூடத்தான் இருக்கும். நீங்கதானே பின்பக்கம் நின்னீங்க."

"புரியல."

"அளவு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னேன். நீங்க நம்பல. 'இங்க காஞ்சு கிடக்கு, அங்க காஞ்சு கிடக்கு, ஊத்துய்யா'ன்னு நின்னீங்க. 'என்னையா ஏமாத்தப் பாக்கற'ன்னு கேட்டீங்க. பயந்துபோயி மறுநாள் வேற வீட்டுக்கு வெச்சிருந்த டப்பாவத் திறந்து, அதையும் அங்கயே ஊத்தினேன்."

எனக்கு நினைவு வந்தது. தகர டப்பா, மூடியில் சிவப்புப் புள்ளி. அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது: நான் கேட்டதால்தான் ஒழுங்காக ஊற்றினான் என்று.

"அந்த டப்பாதான்மா. கம்பெனியில சரக்கு சரிபாத்தப்ப ஒண்ணு குறைஞ்சுது. எங்கன்னு கேட்டாங்க. உங்க வீட்டுல கூட ஊத்திட்டேன்னு சொன்னேன். அந்த நேரம் பாத்து உங்க வீட்டுலேருந்து கடுதாசி வந்துச்சு. தண்ணிதான் ஊத்தினான்னு."

மகள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். மிஷினிலிருந்து ஒரு நூல் கண்டு உருண்டு கீழே விழுந்தது.

"கடுதாசி எங்க வீட்டுக்காரர் எழுதல" என்றேன். "நான்..."

"தெரியும்."

"எப்படி?"

"மருந்து ஊத்தின அன்னிக்கு உங்க வீட்டுக் கேட்டுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தீங்க. 'டிரம்களைப் படியில் வைக்கக் கூடாது.' அச்சடிச்ச மாதிரி எழுத்து. ஆபீசுல கடுதாசியக் காட்டினாங்க. அதே எழுத்து. அப்புறம் சார் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாரு. நான்தான் எழுதினேன், தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோன்னு கையப் பிடிச்சாரு. சரிங்க சார்னு சொல்லிட்டேன். பொண்டாட்டிக்காகப் பொய் சொல்ற மனுஷன்கிட்ட வேற என்ன சொல்றது?"

நான் மன்னிப்பு என்ற சொல்லைத் தயார் செய்து கொண்டு போயிருந்தேன். அது அந்த அறையில் மிகவும் சின்னதாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார், அல்லது அது ஆடியது. "எழுதிக் குடுங்கம்மா. அந்த டப்பா உங்க வீட்டுப் பின்சுவருல இருக்குன்னு. அதே கையெழுத்துல எழுதுங்க. அடியில உங்க பேரு போடுங்க. எம் பொண்ணு அத வெச்சுக்கட்டும்."

மே 2, சனி

மூன்று தாள் கிழித்தாயிற்று. எழுத்து மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, போகப் போகச் சிறுத்து எறும்பு போல ஆகிறது. பேனா சரியில்லை.

மே 3, ஞாயிறு

தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, கைய மேஜை மேல வை."

வைத்தேன்.

"எவ்வளவு நாளா?"

ஊசி கோக்க முடியாமல் போனது எப்போது? மார்ச்சா? அதற்கு முன்பா?

"நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்றாள்.

"ஒரு தடவ ஆள் மாத்திப் போட்டது போதும்" என்றேன்.

மே 6, புதன்

டாக்டர் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வட்டம் வரையச் சொன்னார். என் வட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள முயன்றார். அவர் சொன்ன பெயர் எனக்குப் புதிதல்ல. என் வீட்டுக்காரருடைய மருந்துச் சீட்டுகளில் ஆறு வருஷம் பார்த்த பெயர்.

முட்டையைச் சொன்னேன். சொல்ல முடியாது என்றார் இவரும். என் வயதில் பலருக்கும் வருவதுதானாம்.

தங்கைக்கும் பார்க்கச் சொன்னேன். அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். நடுக்கம் இல்லை. அவள் எப்போதும் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஒதுக்கிவைப்பாள். அதற்காக எத்தனை திட்டியிருக்கிறேன்!

மே 11, திங்கள்

கடிதம் முடிந்தது. ஒன்பது வரி. நான்கு நாள், ஒரு நாளைக்கு இரண்டு வரி, மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து. முடிவில் ஒரு வரி அதிகமாக வந்தது.

'மேற்படி டப்பாவிலிருந்த மருந்து முழுவதும் என் வீட்டுப் பின்சுவரோரம், என் வற்புறுத்தலின் பேரில், என் கண் முன்னால் ஊற்றப்பட்டது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. அவர் திருடவில்லை. புகார்க் கடிதத்தை எழுதியதும், அதில் என் கணவரின் கையெழுத்தைப் போட்டதும் நான்.'

சரியாகத்தான் இருக்கிறது. பார்க்கத்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல இருக்கிறது. சிஸ்டர் இருந்தால் தாளைத் திருப்பி என் மேஜையிலேயே போடுவார்.

மருந்துக்காரர் அதே கையெழுத்தில் கேட்டார். அதே கையெழுத்து என்னிடம் இல்லை. இது நான் எழுதியதில்லை என்று சொல்லிவிட்டால்?

மே 13, புதன்

தங்கையும் உள்ளே வந்தாள். நான் தடுக்கவில்லை.

மகள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். 'அவர் திருடவில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு முறை, மெதுவாக, தனக்காகப் படித்துக்கொண்டாள். பிறகு தாளை அப்பாவின் மடியில் வைத்தாள்.

அவர் அதை முகத்துக்கு அருகே கொண்டு போனார். தாள் ஆடியது. நெடுநேரம் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து இல்லியேம்மா."

"என்னோடதுதான். இப்ப இதுதான் என் கையெழுத்து."

வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்து மடியில் வைத்திருந்தேன். எடுத்தேன். வலது கை அவருடைய கையைப் போலவே, இல்லாத எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

அவர் என் கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"சரிங்கம்மா" என்றார்.

மகள் கடிதத்தை நான்காக மடிக்கப் போனாள். "மடிக்காத" என்றார்.

மே 15, வெள்ளி

பின்சுவரோரம் சிமெண்ட் பூச ஆள் வந்தார். எவ்வளவு கனம் போடட்டும் என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்தபடி போடுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நின்று பார்க்கவில்லை.

நாளைக் காலை பேனாக்கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பேனாவில் ஒரு குறையும் இல்லை.